தேவையில்லாத கேள்வியை மறைக்கப் போய்: ஓர் உதவித்தொகைப் படிவத்தின் வேலைக் குறிப்பு

போன வருடம் எங்கள் கைக்கு வந்த விண்ணப்பங்களில் ஒன்று இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. பத்தாம் தரம் படிக்கும் பிள்ளை. ‘தந்தையின் தொழில்’ என்ற இடத்தில் எதையோ எழுதி, அழித்து, மறுபடியும் எழுதி அழித்ததில் கடதாசி ஓட்டையாகியிருந்தது. ‘தந்தையின் கையொப்பம்’ என்ற இடத்தில் பென்சிலால் ஒரு மெல்லிய கோடு. விசாரித்தோம். அப்பா இறந்து ஏழு மாதமாம்.

அந்தக் கேள்வியை அந்தப் பிள்ளையிடம் கேட்டது நாங்கள்தான். கேட்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

படிவம் எங்கள் பழைய மாணவர் சங்கத்துடையது. இலங்கை மலையகத்தில் தலவாக்கலை, லிந்துலை, அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பிள்ளைகளுக்கு வருடத்துக்கு ஒரு தடவை சிறு உதவித்தொகை கொடுக்கிறோம். நான்கு பக்கக் கடதாசி, 41 கேள்விகள். உயர்தரம் (12, 13ஆம் தரம்) படிப்பவருக்கான கேள்வி ஆறாம் தரத்துப் பிள்ளைக்கும் போகும். டவுனில் வீடு உள்ளவரிடம் லயன் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு) இலக்கம் கேட்கும், லயனில் இருப்பவரிடம் வீதியின் பெயர் கேட்கும். ‘ஆம் எனில் 17ஆம் கேள்விக்குச் செல்க’ என்று போட்டிருப்போம். யாரும் செல்வதில்லை. எல்லாரும் எல்லாவற்றையும் நிரப்பத்தான் பார்ப்பார்கள். ஒரு இடத்தை வெறுமையாக விட்டால் தள்ளுபடி செய்துவிடுவார்கள் என்ற பயம். அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. மலையகத் தமிழருக்குப் பிரஜாவுரிமையை மறுத்த 1948 ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்திலிருந்து, எஞ்சியிருந்தவர்களுக்கு அதைக் கொடுத்த 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரைக்கும் எங்கள் தாத்தா, அப்பா காலத்து ஆட்கள் படிவங்களோடும் கடதாசிகளோடும் மல்லுக்கட்டியே வயதானவர்கள். வீட்டு இரும்புப் பெட்டியில் பழைய ரசீதைக்கூட வீசாமல் வைத்திருக்கிறார்கள்.

இந்த வருடம் படிவத்தை இணையத்தில் போடுவது என்று சங்கத்தில் தீர்மானமானது. பகலில் கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். இரவில் இதைச் செய்து தருகிறேன் என்று பொறுப்பெடுத்தேன். ஒருவர் சொல்லும் பதிலைப் பார்த்து, அவருக்குப் பொருந்துகிற கேள்வியை மட்டும் காட்ட வேண்டும், மற்றதை மறைக்க வேண்டும். இரண்டு இரவு வேலை என்று நினைத்தேன். மூன்று வாரம் எடுத்தது. அந்த மூன்று வாரத்தில் படிந்ததை இங்கே எழுதி வைக்கிறேன். இதே வேலையை வேறு யாராவது செய்யப் போனால் என் பிழைகளையாவது மிச்சம் பிடிக்கலாம்.

கணினியைத் திறக்கும் முன் பழைய கலண்டர் தாளொன்றைத் திருப்பிப் போட்டு 41 கேள்விகளையும் வரிசையாக எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘இது யாருக்கு?’ என்று கேட்டுக்கொண்டேன். எல்லாருக்கும் பொதுவானவை 13தான். மீதி 28 கேள்வியும் ஆறு கிளைகளுக்குள் அடங்கின: பிள்ளையைப் பார்த்துக்கொள்பவர் யார், எங்கே குடியிருப்பு, எந்தத் தரம், அடையாள அட்டை இருக்கிறதா, வீட்டில் யாராவது தோட்டத்தில் பேர் போடுகிறார்களா (அதாவது வேலை செய்கிறார்களா), வங்கிக் கணக்கு யார் பெயரில்.

எழுதிப் பார்த்தபோதுதான் வரிசையே பிழை என்று தெரிந்தது. கடதாசியில் வங்கிக் கணக்கு இரண்டாம் பக்கத்தில், பாதுகாவலர் விபரம் கடைசிப் பக்கத்தில். ஆனால் கணக்கு அம்மாவின் பெயரிலா, அம்மாயியின் பெயரிலா என்பது பாதுகாவலர் யார் என்று தெரிந்த பிறகுதானே கேட்க முடியும்? ஆகவே ஒரு விதி வைத்துக்கொண்டேன்: ஒரு கேள்வி தோன்றுவதும் மறைவதும் அதற்கு மேலே உள்ள கேள்வியின் பதிலை மட்டுமே நம்பியிருக்க வேண்டும். கீழே தட்டினால் மேலே எதுவும் அசையக் கூடாது. இந்த ஒரு விதி பின்னால் எத்தனை தலைவலியைத் தவிர்த்தது என்று அப்போது தெரியவில்லை.

முதல் கிளைதான் எனக்கு முக்கியம். ‘உங்களை இப்போது பார்த்துக்கொள்பவர் யார்?’ அம்மாவும் அப்பாவும், அம்மா, அப்பா, வேறொருவர். இவ்வளவுதான் தெரிவுகள். கமிட்டியில் ஒருவர் ‘தந்தை இறந்துவிட்டார்’, ‘தாய் வெளிநாட்டில்’ என்றெல்லாம் தனித்தனியாகப் போடச் சொன்னார். நான் மறுத்தேன். அம்மா மத்திய கிழக்கில் வீட்டு வேலைக்குப் போயிருக்கலாம், அப்பா கொழும்பில் கடையில் நிற்கலாம், பிரிந்து போயிருக்கலாம். பணம் கொடுப்பதற்கு எங்களுக்குத் தேவை பார்த்துக்கொள்பவரின் பெயரும் தொலைபேசி இலக்கமும். காரணத்தை ஒரு பிள்ளை தட்டித் தெரிவு செய்ய வேண்டியதில்லை. நீண்ட நேரம் பேசித்தான் சம்மதித்தார்கள்.

கட்டிய விதம் எளிது. ஒரு கிளைக்கு ஒரு ஃபீல்ட்செட், அதாவது சில பெட்டிகளை ஒன்றாகச் சேர்த்து வைக்கும் உறை. அந்த ஃபீல்ட்செட்டின் மேலேயே ஒரு டேட்டா அட்ரிபியூட்டில் (குறிப்பில்) ‘எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் வந்தால் காட்ட வேண்டும்’ என்று எழுதிவிடுவது. ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனியாக ஜாவாஸ்கிரிப்ட் நிரல் எழுதத் தேவையில்லை. முழுப் படிவத்துக்கும் ஒரே ஒரு ‘சேஞ்ச்’ லிசனர், அதாவது பதில் மாறும் நிகழ்வைக் கவனித்திருக்கும் துண்டு, போதும். உள்ளே எது மாறினாலும் அது மேலெழும்பிப் படிவத்துக்கு வந்து சேரும். அப்போது ஒரே ஒரு ஃபங்ஷன் (நிரல் துண்டு) எல்லாக் கிளைகளையும் மேலிருந்து கீழாக ஒரு தடவை பார்த்துவரும். ரேடியோ பொத்தான்களுக்கு இந்த முறை இன்னும் பொருத்தம். ஒன்றைத் தெரிவு செய்தால் மற்றது தானாக விடுபடும். ஆனால் விடுபட்ட பொத்தானில் ‘சேஞ்ச்’ நிகழாது. பொத்தானுக்குப் பொத்தான் லிசனர் வைத்து ‘விடுபட்டால் மறை’ என்று எழுதினால் அந்த வரி ஒருநாளும் ஓடாது.

முதல் பதிப்பில் மறைப்பதற்கு, பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ்ஸில் ‘டிஸ்ப்ளே நன்’ (திரையில் காட்டாதே) மட்டும் போட்டேன். என் மடிக்கணினியில் அழகாக வேலை செய்தது. வெள்ளிக்கிழமை இரவு இருபது குடும்பங்களுக்கு வட்ஸ்அப்பில் இணைப்பை அனுப்பினேன், ஒத்திகை மாதிரி.

சனிக்கிழமை காலை ஓர் அக்கா அழைத்தார். தோட்டத்தின் மேல் டிவிஷன் (பிரிவு). அங்கே லயனுக்குள் சிக்னல் இல்லை. கோயில் வளைவுக்கு ஏறி வந்து பேசினார்.

“தம்பி, எல்லாம் எழுதிட்டேன். கடைசியில அந்த பட்டன அமத்துறேன், அமத்துறேன், ஒன்னுமே ஆகலையே. டேட்டாதான் முடிஞ்சிருச்சோன்னு மறுபடி ரீலோட் போட்டேன். அப்பவும் போகலங்க.”

“செவப்பு எழுத்துல ஏதாச்சும் காட்டுதா அக்கா?”

“ஒன்னுமே காட்டல தம்பி. சும்மா இருக்கு.”

கொழுந்தெடுத்து வந்த காசில் என் பிழைக்காக அவர் ரீலோட் போட்டிருக்கிறார். அன்று வேறு வேலை ஓடவில்லை.

அவர் சொன்ன பதில்களை அப்படியே என் கணினியில் போட்டேன். பார்த்துக்கொள்பவர் அம்மா. பொத்தானை அழுத்தினேன். ஒன்றும் இல்லை. பிழைச் செய்தியும் இல்லை. குரோம் பிரவுசரின் கொன்சோலை, அதாவது பிழைக் குறிப்புகள் வரும் பலகையைத் திறந்த பிறகுதான் தெரிந்தது: தந்தையின் அடையாள அட்டை இலக்கப் பெட்டி செல்லாத நிலையில் இருக்கிறது, ஆனால் அதற்கு ஃபோகஸ் கொடுக்க முடியவில்லை என்ற கருத்தில் ஒரு வரி.

நடந்தது இதுதான். அந்தப் பெட்டிக்கு ‘ரிக்வயர்ட்’ போட்டிருந்தேன், அதாவது கட்டாயம். ‘டிஸ்ப்ளே நன்’ ஒரு பெட்டியைக் கண்ணிலிருந்துதான் எடுக்கிறது. பிரவுசரின் கணக்கில் அது இன்னும் படிவத்தின் உறுப்பு. பொத்தானை அழுத்தியதும் பிரவுசர் கட்டாயப் பெட்டிகளைச் சோதிக்கிறது. தந்தையின் பெட்டி வெறுமை. படிவத்தை நிறுத்துகிறது. அந்தப் பெட்டிக்குப் போய் ‘இதை நிரப்புங்கள்’ என்று காட்டப் பார்க்கிறது. பெட்டியோ திரையில் இல்லை. காட்ட இடமில்லாமல் பேசாமல் நின்றுவிடுகிறது. அப்பா இல்லாத வீட்டுக்கு அந்தக் கேள்வியை மறைத்துவிட்டோம் என்று நான் நிம்மதியாக இருந்தேன். பிரவுசர் திரைக்குப் பின்னாலிருந்து அதே கேள்வியை விடாமல் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. அந்த அக்காவுக்கு அது தெரியக்கூட வழியில்லை.

அவசரத்துக்கு மறைக்கும்போது ‘ரிக்வயர்ட்’ஐ நீக்கி, காட்டும்போது திரும்பச் சேர்த்தேன். அக்காவை மறுபடி அழைத்துச் சொன்னேன். விண்ணப்பம் வந்தது. ஆனால் வந்த தகவல்களைப் பார்த்தபோது அடுத்த பிழை முகத்தில் அடித்தது.

ஒரு மாணவன், சாதாரண தரம் (10, 11ஆம் தரம்) படிப்பவன். அவனுடைய வரியில் உயர்தரப் பிரிவு ‘வர்த்தகம்’ என்று இருந்தது. அவன் முதலில் கைதவறி ‘உயர்தரம்’ என்று தட்டியிருக்கிறான். பிரிவைத் தெரிவு செய்யும் கேள்வி வந்திருக்கிறது, தன் அண்ணாவின் பிரிவை அவனும் தெரிவு செய்துவிட்டான். பிறகு மேலே போய்ச் ‘சாதாரண தரம்’ என்று மாற்றியிருக்கிறான். பிரிவுக் கேள்வி மறைந்தது. உள்ளே இருந்த பதில் அப்படியே இருந்தது, அப்படியே சர்வருக்கும் வந்தது. மறைந்த பெட்டியில் உள்ளதும் அனுப்பப்படும்.

இரண்டுக்கும் ஒரே மருந்து ‘டிசேபிள்ட்’. செயலிழக்கச் செய்த பெட்டியைப் பிரவுசர் சோதிக்காது, அதன் மதிப்பை அனுப்பவும் செய்யாது. ‘ரிக்வயர்ட்’ இருந்தாலும் கவனிக்காது. ஆகவே அதை நீக்கிச் சேர்க்கும் வேலையே இல்லை. அதைவிட நல்லது, ஃபீல்ட்செட் ஒன்றை ‘டிசேபிள்ட்’ ஆக்கினால் அதற்குள் உள்ள எல்லாப் பெட்டிகளும் ஒரே அடியில் செயலிழக்கும். ஒரு விதிவிலக்கு உண்டு: ஃபீல்ட்செட்டின் முதல் லெஜண்டுக்குள் (தலைப்புக்குள்) ஏதாவது பெட்டி இருந்தால் அது செயலிழக்காது. நான் ‘ஆம் / இல்லை’ கேள்விகளை ஃபீல்ட்செட்டுக்கு வெளியே, அதற்கு மேலே வைத்திருந்ததால் இது என்னைப் பாதிக்கவில்லை.

அதோடு ‘டிஸ்ப்ளே நன்’ஐ விட்டுவிட்டு ‘ஹிடன்’ அட்ரிபியூட்டுக்கு மாறினேன். இப்போது ஃபங்ஷனுக்குள் இரண்டே வரி: கிளை பொருந்தாவிட்டால் ‘ஹிடன்’ உண்மை, ‘டிசேபிள்ட்’ உண்மை, பொருந்தினால் இரண்டும் பொய். இரண்டும் எப்போதும் சேர்ந்தே மாற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றும் வரி நிரலில் எங்கேயும் இருக்கக் கூடாது.

மாற்றிய அன்று முகவரிக் கிளை மட்டும் மறையவே இல்லை. ‘ஹிடன்’ இருக்கிறது, பெட்டியும் திரையில் இருக்கிறது. அரை மணி நேரம் ஜாவாஸ்கிரிப்டில் தேடினேன், பிழை சிஎஸ்எஸ்ஸில். டிவிஷனும் லயன் இலக்கமும் பக்கத்தில் பக்கத்தில் வரட்டும் என்று அந்தக் கிளைக்கு ‘டிஸ்ப்ளே ஃப்ளெக்ஸ்’ கொடுத்திருந்தேன். ‘ஹிடன்’ என்பது பிரவுசரின் சொந்த சிஎஸ்எஸ்ஸில் உள்ள ஒரு ‘டிஸ்ப்ளே நன்’ மட்டுமே. நாம் எழுதும் எந்த ‘டிஸ்ப்ளே’யும் அதை வென்றுவிடும். சிஎஸ்எஸ் கோப்பின் தலையில் ‘ஹிடன் உள்ள எதுவானாலும் டிஸ்ப்ளே நன், இம்போர்ட்டண்ட்’ என்று ஒரு வரி போட்டதும் சரியானது.

இந்தப் படிவத்தில் மிகச் சிக்கலான இடம் கிளைக்குள் கிளை. குடியிருப்பு தோட்டம் என்றால் ‘வீட்டில் யாராவது தோட்டத்தில் பேர் போடுகிறார்களா?’ என்ற கேள்வி வரும். ஆம் என்றால் அவருடைய ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) இலக்கம். சரி, ஒருவர் தோட்டம் என்று தட்டி, ஆம் என்று தட்டி, பிறகு குடியிருப்பை டவுன் என்று மாற்றினால்? உள்ளே ‘ஆம்’ இன்னும் தட்டப்பட்டபடியேதான் இருக்கும். செயலிழந்த ரேடியோ பொத்தானிடமும் ‘நீ தெரிவாகி இருக்கிறாயா’ என்று கேட்டால் ஆம் என்றே சொல்லும். ஈபிஎஃப் பெட்டி அதே ஃபீல்ட்செட்டுக்குள் இருந்தால் வெளி ஃபீல்ட்செட்டோடு சேர்ந்து தானும் மறையும். என் படிவத்திலோ அது கீழே, வருமானக் கேள்விகளோடு தனியாக இருந்தது. அது மறையவில்லை.

பொத்தான் செயலிழந்ததா என்று பார்த்துவிட்டால் போயிற்று என்று அதன் ‘டிசேபிள்ட்’ பண்பைப் படித்தேன். ‘இல்லை’ என்றது. வெளியே ஃபீல்ட்செட் செயலிழந்திருக்கும்போது உள்ளே இருக்கும் பொத்தானின் சொந்தப் பண்பு மாறுவதில்லை. அது தன்னைப் பற்றி மட்டுமே சொல்லும். ‘மேட்சஸ்’ என்ற மெத்தடில் ‘டிசேபிள்ட்’ என்ற சூடோ கிளாஸை (ஒரு பெட்டியின் நிலையைக் குறிக்கும் சிஎஸ்எஸ் பெயரை) கொடுத்துக் கேட்டால்தான் சரியான பதில் வருகிறது. இதைக் கண்டுபிடித்த இரவு மணி இரண்டு. வெளியே மழை ஓய்ந்து தகரத்திலிருந்து சொட்டுவது மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

கடைசியில் அதையும் விட்டு, இன்னும் நேரான வழிக்குப் போனேன். படிவத்திலிருந்து ‘ஃபோம்டேட்டா’ ஒன்றை உருவாக்கினால், பிரவுசர் உண்மையில் எதை அனுப்பப் போகிறதோ அது மட்டும் அதில் இருக்கும். செயலிழந்தவை இருக்காது. ஆகவே நிபந்தனைகளை அதிலிருந்தே படிக்கிறேன். ஒவ்வொரு கிளையையும் தீர்மானித்த பிறகு ‘ஃபோம்டேட்டா’வைப் புதிதாக எடுத்து அடுத்த கிளைக்குப் போவது. மேலே உள்ளதை மட்டும் நம்பு என்ற கலண்டர் விதியின் பயன் இங்கேதான் தெரிந்தது. மேலிருந்து கீழாக ஒரு தடவை போனால் போதும், மறுபடி மறுபடி சுற்ற வேண்டியதில்லை. எனக்கு இந்த முழு வேலையிலும் மிகப் பிடித்த பகுதி இதுதான். படிவம் எதை நம்புகிறதோ அதையேதான் அனுப்புகிறது.

மறைக்கும்போது உள்ளே உள்ள பதிலை அழிப்பதா, வைப்பதா என்று நண்பனோடு வாக்குவாதம். அழித்துவிடு என்றான். நான் வைத்தேன். சின்னத் திரையில், குளிரில் விறைத்த விரலால் தட்டும்போது பக்கத்துப் பொத்தானில் படுவது சாதாரணம். ஒரு தவறான தட்டலுக்குப் பாட்டியின் பெயர், அட்டை இலக்கம், முகவரி எல்லாம் அழிந்துபோனால் மறுபடி தட்டச்சு செய்யப் பொறுமை இருக்காது. பதில் பெட்டிக்குள் கிடக்கட்டும், கிளை திரும்பி வந்தால் அதுவும் திரும்பி வரட்டும், வராவிட்டால் அனுப்பப்படாது. இதே காரணத்துக்காகப் படிவத்தின் அடியில் இருந்த ‘எல்லாவற்றையும் அழி’ பொத்தானையும் எடுத்துவிட்டேன்.

அடையாள அட்டைக் கிளையில் ஆசைப்பட்டு ஒரு வேலை செய்தேன். எங்கள் அட்டை இலக்கத்திலேயே பிறந்த திகதி இருக்கிறது. பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் வி அல்லது எக்ஸ் எழுத்தும்: முதல் இரண்டு இலக்கம் ஆண்டு, அடுத்த மூன்று இலக்கம் ஆண்டின் எத்தனையாவது நாள், பெண்ணானால் அதோடு 500. 2016 முதல் வந்த 12 இலக்க அட்டையில் ஆண்டு நான்கு இலக்கமாக இருக்கும். இலக்கத்தை முழுதாக எழுதியதும் பிறந்த திகதிக் கேள்வியை மறைத்துவிடலாமே என்று நினைத்து, ‘சேஞ்ச்’ஐ விட்டு ‘இன்புட்’ நிகழ்வில் அதைக் கட்டினேன். எழுத்துப் பெட்டியில் ‘சேஞ்ச்’ வெளியே போகும்போதுதான் நிகழும், ‘இன்புட்’ ஒவ்வொரு எழுத்துக்கும் நிகழும். முதலில் திகதி ஒருநாள் பிசகியது. பெப்ரவரியை எந்த ஆண்டிலும் 29 நாளாக எண்ணித்தான் அந்த இலக்கம் போடப்படுகிறது. அதைத் திருத்தினேன். பிறகு பெரியம்மாவின் கையில் போனைக் கொடுத்துப் பார்த்தபோது, கடைசி இலக்கத்தைத் தட்டியதும் கீழே இருந்த கேள்வி மறைந்து அதற்கடுத்தது மேலே ஏறியது. அவர் திகைத்து, “என்னாடா, எதையோ தொலைச்சிட்டேனா?” என்றார். அந்த வேலையை முழுதாக எடுத்துவிட்டேன். ஆள் எழுதிக்கொண்டிருக்கும்போது அவர் கையடியில் எதுவும் நகரக் கூடாது. பொத்தானைத் தட்டி ஒரு தெரிவு செய்தால், அதற்கு நேர் கீழே மட்டும் புதியது வரலாம். இப்போது ‘அட்டை இருக்கிறதா?’ என்ற கேள்விக்கு ஆம் என்றால் இலக்கம், இல்லை என்றால் பிறப்புச் சான்றிதழ் இலக்கம், அதுவும் இல்லையென்றால் உத்தேச வயதுச் சான்றிதழ். மூன்றும் இல்லாத பிள்ளைக்கும் வழி உண்டு: ‘எங்களை அழையுங்கள்’ என்று ஓர் இலக்கம் வரும். அந்தக் கடைசித் தெரிவை வைக்காமல் நான் படிவத்தை விடமாட்டேன் என்று நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா வீட்டுக் காம்பராவில் ஐந்து போன்களை வைத்துக்கொண்டு அயலவர்களோடு உட்கார்ந்தோம். பிளேன்டீ, ரொட்டி, கட்டச் சம்பல். இரண்டு மணி நேரத்தில் நான் ஒரு வாரத்தில் காணாததைக் கண்டேன். குடியிருப்புக் கேள்வியில் ‘தோட்டம்’ முன்கூட்டியே தெரிவாகி இருக்கும்படி வைத்திருந்தேன், பெரும்பாலானவர்களுக்கு ஒரு தட்டல் மிச்சம் என்று. டவுன் பையன் ஒருவன் அதைத் தாண்டிப் போய் லயன் இலக்கத்தில் வந்து சிக்கினான். முன்தெரிவை எடுத்தேன். எதையும் தெரிவு செய்யாதவரை எந்தக் கிளையும் திறக்காது. இன்னொருவர், இந்திய அரசின் உதவி வீடமைப்புத் திட்டத்தில் கட்டிய தனி வீட்டில் இருப்பவர், லயன் இலக்கத்துக்கு என்ன எழுதுவது என்று கேட்டார். தோட்டம் என்றதும் லயன் என்று நானே முடிவுகட்டியிருக்கிறேன்! இங்கே பிறந்து வளர்ந்த நான். உடனே அதற்குள் ஒரு கிளை: லயன் வீடா, தனி வீடா.

அங்கேயே இன்னொன்றும் தெரிந்தது. வங்கிக் கணக்கு இலக்கத்தைப் பார்க்க வட்ஸ்அப்புக்குப் போய்விட்டுத் திரும்பினால், நினைவகம் குறைந்த போனில் பக்கம் புதிதாகத் திறக்கிறது, எழுதியதெல்லாம் போய்விடுகிறது. எழுத எழுத, பக்கத்தை மூடியதும் அழிந்துவிடும் ‘செஷன் ஸ்டோரேஜி’ல் சேமித்து, திறக்கும்போது திருப்பி நிரப்பினேன். மூடினாலும் அழியாத ‘லோக்கல் ஸ்டோரேஜ்’ போடவில்லை. கொமினிகேஷன் கடைக் கணினியில் நிரப்புகிறவரின் விபரம் அடுத்தவருக்காக அங்கேயே கிடக்கக் கூடாது. நிரப்பியதும் பார்த்தால் பதில்கள் எல்லாம் திரும்பிவிட்டன, கிளைகள் மட்டும் மூடியபடி. நிரல் ஒரு பெட்டிக்கு மதிப்பைப் போடும்போது ‘சேஞ்ச்’ நிகழாது; அந்த ஃபங்ஷனை நாமே கூப்பிட வேண்டும். பக்கம் திறக்கும்போது ஒரு தடவை, ‘பேஜ்ஷோ’ நிகழ்வில் இன்னொரு தடவை கூப்பிடுகிறேன். பின்னால் போய்த் திரும்பும்போது பிரவுசர் பழைய பக்கத்தை அப்படியே எடுத்துத் தரும் சந்தர்ப்பத்துக்கு அது.

ஜாவாஸ்கிரிப்ட் வந்து சேராமலே போவதும் இங்கே நடக்கிறது. மூடுபனியும் மழையுமான நாளில் பக்கம் பாதி வந்து நிற்கும். ஒபேரா மினி பிரவுசரில் டேட்டாவை மிகக் குறைக்கும் நிலையில் திறந்தால் பக்கம் அவர்களுடைய சர்வரிலேயே தயாராகி வரும். தட்டியதும் மறைவது, தோன்றுவதை அங்கே நம்ப முடியாது. ஆகவே பக்கத்தின் அடிப்படையான எச்டிஎம்எல்லில் எல்லாக் கிளைகளும் திறந்தே இருக்கின்றன, ஒவ்வொன்றின் தலைப்பிலும் ‘உயர்தரம் படிப்பவர் மட்டும்’ போன்ற குறிப்போடு. கிளைகளுக்குள் உள்ள ‘ரிக்வயர்ட்’ மட்டும் எச்டிஎம்எல்லில் இல்லை. நிரல் ஓடத் தொடங்கும்போது அதைச் சேர்த்து, பொருந்தாததை மறைக்கிறது. நிரல் வராவிட்டால் பழைய கடதாசிப் படிவம் மாதிரி நீளமாக இருக்கும், ஆனால் போய்ச் சேரும்.

சிஎஸ்எஸ்ஸின் ‘ஹேஸ்’ (‘உள்ளே இன்னது இருந்தால்’ என்ற நிபந்தனை) வைத்து ஜாவாஸ்கிரிப்டே இல்லாமல் செய்யலாமே என்று நண்பன் கேட்டான். செய்து பார்த்தேன், மறைக்கிறது. செயலிழக்கச் செய்ய சிஎஸ்எஸ்ஸால் முடியாது. அந்த அக்காவின் பொத்தான் கதை மறுபடி தொடங்கும். பயர்ஃபொக்ஸ் பிரவுசருக்கு இந்த ‘ஹேஸ்’ 2023 டிசம்பரில் 121ஆம் பதிப்பில்தான் வந்தது. எங்கள் பக்கத்தில் அதற்கு முந்திய போன்கள் நிறைய.

சர்வரிலும் அதே விதிகளை மறுபடி சோதிக்கிறேன். கிளை விதிகளை ஒரே ஜேசன் (தரவுப் பட்டியல்) கோப்பில் எழுதி, எச்டிஎம்எல்லையும் சர்வர் சோதனையையும் அதிலிருந்தே எடுக்கிறேன். பிரவுசரில் மறைத்தது பாதுகாப்பாகாது. யாரும் எதையும் அனுப்பலாம். சாதாரண தரம் என்று சொல்லிவிட்டு உயர்தரப் பிரிவும் வந்தால் சர்வர் அந்தப் பிரிவைத் தள்ளிவிடும்.

கடைசியாக வந்த பிரச்சினை எனக்கு நினைப்பிலேயே இருக்கவில்லை. விண்ணப்பங்களை அட்டவணையாக அச்செடுத்துக் கமிட்டியிடம் கொடுத்தேன். பொருளாளர் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர், சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தார். வெறுமையான கட்டங்களில் எல்லாம் வட்டம் போட்டு, ‘முழுமையாக நிரப்பப்படவில்லை’ என்று ஓரத்தில் எழுதத் தொடங்கிவிட்டார். முதல் பக்கத்திலேயே பதினொரு வட்டம். அதில் ஒன்று மேல் டிவிஷன் அக்காவின் மகளுடைய வரியில், தந்தையின் பெயர், தொழில், அட்டை இலக்கம் என்று மூன்று கட்டங்களைச் சேர்த்து.

“சேர், அதை நாங்க கேக்கவே இல்ல” என்றேன்.

“கேக்காட்டி எனக்கு எப்படித் தம்பி தெரியும்? எழுதாம விட்டதும் கேக்காம விட்டதும் ஒரே மாதிரிதானே கெடக்குது.”

அவர் சொன்னது நியாயம். செயலிழந்த பெட்டி சர்வருக்கு வருவதில்லை. காட்டியும் நிரப்பாமல் விட்ட எழுத்துப் பெட்டி வெறுமையாக வருகிறது. சேமிக்கும்போது இரண்டையும் நான் ஒரே வெறுமையாக்கியிருந்தேன். அன்றிரவே மாற்றினேன். வராத கேள்விக்கு ‘கேட்கப்படவில்லை’ என்று சர்வரே எழுதுகிறது. அச்சில் அந்தக் கட்டம் சாம்பல் நிறத்தில் வரும். வெள்ளையாக இருந்தால் மட்டும் அழைத்துக் கேட்க வேண்டும்.

மறுநாள் புதிய தாள்களைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். முதல் பக்கத்தில் வெள்ளைக் கட்டம் இரண்டுதான் இருந்தது, இரண்டும் வங்கிக் கிளையின் பெயர். பொருளாளர் பழைய தாளை எடுத்து மேசை லாச்சிக்குள் வைத்தார். சிவப்புப் பேனாவை மூடி, தொலைபேசியை எடுத்து அந்த இரண்டு வீட்டுக்கும் அழைத்தார்.